'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்'... ஆனாலும் சோர்வு தீரலையா? மனச்சோர்வு நோயும் அதற்கான சிகிச்சையும்: ஒரு விளக்கம்

ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. எல்லாமே நார்மல். ஆனாலும் காலையில் எழுந்திருக்கவே முடியலை, தலை பாரமாக இருக்கு, எதிலும் மனசு ஒட்டலை. இப்படிச் சொல்லிக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக அலைபவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது 'டிப்ரஷன்' எனப்படும் மனச்சோர்வு நோய். வீட்டிலோ அதற்கு 'சோம்பேறித்தனம்', 'வேலை இல்லாததால வர்ற நினைப்பு' என்று வேறு பெயர்கள் வைத்திருப்பார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. இந்தியாவில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோயால் பாதிக்கப்படுகிறார் என்று அது கூறியது. பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்பதுதான் அதைவிடக் கவலை தரும் தகவல்.

சோகம் வேறு, மனச்சோர்வு நோய் வேறா?

ஆமாம். வேலை போனாலோ, நெருங்கியவர் இறந்தாலோ வருத்தம் வரத்தான் செய்யும். அது அலை மாதிரி வந்து போகும். நடுவில் பேரக்குழந்தை சிரித்தால் நாமும் சிரிப்போம். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளி பெரும்பாலும் இருக்காது. பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு எதுவுமே ருசிக்காது.

மருத்துவர்கள் பார்ப்பது 9 அறிகுறிகளை: எந்நேரமும் மனக்கவலை, எதிலும் ஆர்வமின்மை, தூக்கக் கோளாறு, பசியிலோ எடையிலோ மாற்றம், உடல் சோர்வு, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாத பதற்றம், கவனம் சிதறுவது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற குற்ற உணர்வு, சாவு பற்றிய எண்ணம். இவற்றில் 5 அறிகுறிகள், 2 வாரங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்றாவது அதில் இருந்தாக வேண்டும். அன்றாட வேலையும் பாதிக்கப்பட்டால் அது நோய்.

நம்மூரில் பலர் 'மனசு சரியில்லை' என்று சொல்வதில்லை. உடம்பு வலி, நெஞ்சு படபடப்பு, வயிற்றுக் கோளாறு என்றுதான் மருத்துவரிடம் போகிறார்கள். அதனாலேயே நோய் பிடிபடத் தாமதமாகிறது. அதேநேரம், தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால், அவற்றையும் பரிசோதித்துவிடுவது நல்லது.

ஏன் வருகிறது?

'மூளையில் செரட்டோனின் குறைஞ்சிடுச்சு' என்ற ஒற்றை வரி விளக்கம் போதாது என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பரம்பரைத் தன்மை, சிறு வயதுத் துயரங்கள், கடன், குடும்ப வன்முறை, நாள்பட்ட உடல்நோய், மதுப்பழக்கம் எனப் பல காரணங்கள் சேர்ந்து இந்த நோயைக் கொண்டுவருகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

என்ன சிகிச்சை?

லேசான பாதிப்புக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். 'எல்லாமே என் தப்பு' போன்ற எண்ணங்களைக் கேள்விக்கு உட்படுத்தக் கற்றுத்தருவது ஒரு முறை. நின்றுபோன நல்ல பழக்கங்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்க வைப்பது இன்னொரு முறை.

இதற்குப் பெரிய நிபுணர்தான் வேண்டும் என்பதில்லை என்று காட்டியது கோவாவில் நடந்த ஓர் ஆய்வு. அங்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, 6 முதல் 8 அமர்வுகளில் இந்த இரண்டாவது முறையை வழங்கினார்கள். 3 மாதங்களில், இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் இது 39 சதவீதம்.

நடுத்தரம் முதல் தீவிரமான பாதிப்புக்கு மாத்திரையும் தேவைப்படலாம். ஃப்ளுவாக்சிடின், எஸ்சிடலோப்ராம் போன்றவை பரவலாகத் தரப்படுகின்றன. பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும். குமட்டல், தலைவலி, பாலுறவு ஆர்வக் குறைவு போன்ற பக்கவிளைவுகள் சிலருக்கு வரும். இளம் வயதினரை முதல் சில வாரங்கள் குடும்பத்தார் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமா?

மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கத்தை ஏற்படுத்துவதில்லை. ஆனால் 'சரியாயிடுச்சே' என்று திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். குணமான பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதே முறை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இதற்கு மருந்தே அல்ல.

சாப்பிடக்கூட மறுக்கும் அளவு தீவிரமானால் மின் அதிர்வு சிகிச்சை உதவும். சினிமாவில் காட்டுவது போல அது தண்டனை அல்ல. மயக்க மருந்து கொடுத்தே இப்போது செய்யப்படுகிறது.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கு மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டம் மூலமும் சிகிச்சை பெறலாம். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

குடும்பம் என்ன செய்யலாம்?

'தைரியமா இரு', 'உனக்கு என்ன குறைச்சல்' என்ற அறிவுரைகள் உதவாது. கால் உடைந்தவரிடம் ஓடச் சொல்வது போலத்தான் அது. 'நான் கூட வர்றேன், டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்' என்ற ஒரு வாக்கியம் அதைவிடப் பெரிய உதவி. சாவைப் பற்றிப் பேசினால் 'சும்மா மிரட்டுறாங்க' என்று ஒதுக்கிவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனசில் உள்ளதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

(மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சென்னை சினேகா அமைப்பின் எண்: 044-24640050)