முப்பத்தைந்துக்குப் பின் தாயாகும் நம் சகோதரிகள்



காங்கேசன்துறையில் நாற்பதை நெருங்கும் வயதில் முதல் பிள்ளையைச் சுமக்கும் பெண்களைப் பற்றி ஒரு தோட்டத் தொழிலாளர் ஏட்டில் எதற்கு எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். அங்கே கொழுந்து மலை இல்லை. மூடிய சீமெந்துத் தொழிற்சாலையும் துறைமுகமும்தான். ஆனாலும் அந்தத் தாய்மாரின் விடயம் நமக்கும் உரியதுதான்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. இருபது வருடத்துக்கு மேல் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலம் போனது. யுத்தம் முடிந்த பின்னரும் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடப்பட்டன. இன்னும் விடப்படாதவை உண்டு. யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவது பழைய வழக்கம். வளவு முட்கம்பிக்குள் கிடந்தால் கலியாணம் எங்கே நடக்கும்? சீதனத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் “ஏன் இவ்வளவு பிந்திப் பிள்ளை?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்பவர், அவளுடைய இருபதுகளை யார் எடுத்துக்கொண்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

நம் லயங்களில் கதை வேறு. முதல் பிள்ளை இளவயதிலேயே பிறந்துவிடும். முப்பத்தேழில் வருவது மூன்றாவதோ நாலாவதோ. “நாலு பெத்தவளுக்கு என்ன பயம்?” என்பார்கள். அது தவறான பேச்சு. பல பிள்ளை பெற்ற கர்ப்பப்பை பிரசவத்துக்குப் பிறகு சரியாகச் சுருங்காமல் போகலாம். அப்போது இரத்தப்போக்கு கடுமையாகும். ஏற்கெனவே இரத்தசோகை உள்ள உடம்பு அதைத் தாங்குவது கடினம்.

முதல் பிள்ளையோ நாலாவதோ, வயது 35ஐத் தாண்டினால் இரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சீனி வியாதி, கருச்சிதைவு, சிசேரியன் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 35 வயதில் ஏறத்தாழ 350க்கு ஒன்று, 40 வயதில் 100க்கு ஒன்று என்பார்கள். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நாற்பதிலும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது இல்லை. நல்ல கவனிப்பு கிடைத்தால் பெரும்பாலானோர் சுகமான பிள்ளையோடு வீடு திரும்புகிறார்கள்.

கவனிப்பு என்பது மந்திரம் அல்ல. பிள்ளை வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்தே போலிக் அமிலம். நாள் தள்ளியதும் மருத்துவமாதுவிடம் பதிவு. ஒவ்வொரு கிளினிக்கிலும் பிரஷர். முதல் பதிவிலும், திரும்ப ஆறாம் மாதமளவிலும் சீனிப் பரிசோதனை. கடும் தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், இரத்தம் படுதல், பிள்ளையின் அசைவு குறைதல் – இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரி. (திரிபோஷா தாய்க்குக் கொடுப்பது, வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு வைப்பதற்கு அல்ல. பசியுள்ள வீட்டில் இதைச் சொல்வது எளிது என்பதும் நமக்குத் தெரியும்.)

காங்கேசன்துறைத் தாய்க்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி பக்கத்தில். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் நேர் பாதை. மேல் டிவிஷன் தாய்க்கு முதலில் கொழுந்து லொறி கிடைக்க வேண்டும். கிளினிக் போன நாளுக்குப் பேர் விழாது. ஆகவே கிளினிக்கை விடுகிறாள். அசட்டை என்று எழுதி வைப்பார்கள். அது சம்பளக் கணக்கு.

சட்டத்தையும் பார்ப்போம். 1939ஆம் ஆண்டுப் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம்தான் நமக்குரியது. உயிரோடு இரண்டு பிள்ளை இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு ஆறு வார லீவு மட்டும் என்று இருந்தது. பிந்திப் பெறும் தாய்க்கு, உடம்பு தேற அதிக காலம் வேண்டியவளுக்கு, பாதி லீவு! 2018இல் அது திருத்தப்பட்டு எத்தனையாவது பிள்ளையானாலும் பன்னிரண்டு வாரம் என்றானது. இன்னும் பழைய கணக்குப் பேசும் நிர்வாகம் இருந்தால் உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.

அந்தத் திருத்தம் தொடாத இடம் ஒன்று உண்டு. பிரசவப் பணம் பெற, அறிவித்தலுக்கு முந்திய ஒரு வருடத்தில் அதே நிர்வாகத்தின் கீழ் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பிரஷர் கூடி, டாக்டர் படுக்கச் சொன்ன தாய் அந்த நாட்களை எங்கே தேடுவாள்? ஆபத்து அதிகமுள்ளவளே பணத்தை இழக்கும் ஏற்பாடு இது. ஆகவே அவள் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவு ஏறுகிறாள். சில வீடுகளில் அம்மா படுத்ததும் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுகிறாள். வரவுப் புத்தகத்தில் அந்த வெறுமையான கட்டங்களை நாம் ஒவ்வொரு தவணையும் பார்க்கிறோம்.

வரும் பேச்சுவார்த்தையில் மூன்று விடயங்களை விடாமல் கேட்போம். வைத்திய ஆலோசனைப்படி ஓய்வெடுத்த நாட்கள் 150இல் சேர வேண்டும். கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். ஆபத்துக் கர்ப்பம் என்று அட்டையில் குறித்த தாய்க்குச் சரிவு மலை கூடாது. பிள்ளைக்காம்பராவிலோ நாற்றுமேடையிலோ அதே சம்பளத்துக்கு இலகு வேலை வேண்டும். ஒவ்வொரு டிவிஷனிலும் மாதர் குழு, 35ஐத் தாண்டிய கர்ப்பிணித் தாய்மாரின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு எழுதி, இரவில் வாகனம் தருபவர் யார் என்பதையும் பக்கத்தில் குறித்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.