விலை நிற்கிறது, எடை நடக்கிறது!



திருமலை லட்டின் எடை குறைந்துவிட்டது என்று 2022 நவம்பரில் ஒரே அமளி. லட்டைத் தராசில் வைத்து எடுத்த படம் ஊரெங்கும் பரவியது. தேவஸ்தானமே முன்வந்து, லட்டு வழக்கம்போல் 160 முதல் 180 கிராம் வரை இருக்கிறது என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பெருமாள் பிரசாதத்துக்கே கணக்குக் கேட்கிற துணிச்சல் நம் மக்களுக்கு உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படிப்பட்ட மக்கள், பாத்திரம் துலக்கும் சோப்புக்கட்டி மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே போவதை மட்டும் ஏன் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

2022இல் நாளேடுகளில் வந்த கணக்கைப் பாருங்கள். பத்து ரூபாய் விம் கட்டி 155 கிராமிலிருந்து 135 கிராம் ஆயிற்று. ஐந்து ரூபாய் பார்லே-ஜி 64 கிராமிலிருந்து 55. பத்து ரூபாய் ஹல்திராம் ஆலு புஜியா 55 கிராமிலிருந்து 42. விலை ஒரு பைசா ஏறவில்லை! ஆனால் கிராம் கணக்கில் பார்த்தால் விம் கட்டி சுமார் 15 சதவீதம், பிஸ்கட் 16 சதவீதம், புஜியா 31 சதவீதம் விலை ஏறியிருக்கிறது. கூலி அந்த அளவுக்கு ஏறியதா? ஸ்ரீசிட்டி ஆலையில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் தோழரைக் கேளுங்கள், நகரியில் தறி ஓட்டும் தோழரைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பாமாயில் விலை ஏறிவிட்டது, இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, உக்ரைனில் யுத்தம் என்று கம்பெனிகள் காரணம் சொல்லின. அத்தனையும் உண்மைதான். அப்படியானால் நேர்மையாக விலையை ஏற்றிவிட்டுப் போகவேண்டியதுதானே? ஏற்றமாட்டார்கள். பத்து ரூபாய் பன்னிரண்டானால் தாய்மார்கள் கடையிலேயே நின்று கேள்வி கேட்பார்கள், வேறு கட்டி வாங்குவார்கள். இருபது கிராம் காணாமற்போனால் யாருக்கும் தெரியாது. கட்டி முன்போல் வாரக் கடைசிவரை வரவில்லையே என்று வீட்டுக்காரன் மனைவியைத் திட்டுவான். மனைவி தண்ணீரில் ஊறவிட்ட பிள்ளையைத் திட்டுவாள். திருடன் ஒருவன், திட்டு வாங்குகிறவர்கள் வேறு! எண்ணெய் விலை இறங்கியபின் சில சரக்குகளில் எடையைக் கொஞ்சம் திருப்பித் தந்தார்கள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கூட்டும்போது ‘கூடுதல்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், குறைக்கும்போது ஏன் ஒரு சிறு எழுத்துக்கூடப் போடுவதில்லை?

இதில் அதிகம் அடிபடுகிறவன் அன்றாடங்காய்ச்சி. மாதச் சம்பளக்காரன் கிலோக் கணக்கில் வாங்குகிறான். அன்றன்று கூலி வாங்குகிறவனுக்கு ஐந்து ரூபாய்ப் பொட்டலமும் ஒரு ரூபாய்ச் சாஷேயும்தான் கதி. பணக்காரன் பயன்படுத்துவதைக் கூலிக்காரனும் பயன்படுத்தவேண்டும் என்று கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷேயைக் கொண்டுவந்தார். அவர் மகன் 1983இல் சிக் ஷாம்பு தொடங்கினார். அது நல்ல காரியம் என்றே சொல்வோம். ஆனால் அந்தச் சின்னப் பொட்டலந்தான் இன்று ஏகபோகக் கம்பெனிகளுக்குக் கத்தரிக்கோல் போட வசதியான இடமாகிவிட்டது. பெரிய புட்டியில் 20 மில்லி குறைத்தால் கண்ணில் படும். ஆறு மில்லியில் அரை மில்லி குறைந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

சட்டம் என்ன செய்கிறது? அந்தக் காலத்தில் வியாபாரி குவித்து அளந்து வாங்குவான், தலை தட்டி அளந்து விற்பான். இதற்கெல்லாம் முடிவு கட்ட 1956இல் எடை அளவுச் சட்டம் வந்தது, 1976இல் இன்னொரு சட்டம், 1977இல் பொட்டலப் பொருள் விதிகள். 2011இல் புதுப்பித்த விதிகளில் பிஸ்கட், ரொட்டி, தேயிலை, காப்பி, சமையல் எண்ணெய், உப்பு, சோப்பு முதலான 19 பொருள்களை இன்னின்ன எடையில்தான் அடைக்கலாம் என்று ஓர் அட்டவணை இருந்தது. அதில் ஓட்டைகள் இருந்தன. இருந்தாலும் வேலி வேலிதான். 2021 நவம்பரில் மத்திய அரசு அந்த வேலியைப் பிடுங்கி எறிய உத்தரவிட்டது. இனி எந்த எடையிலும் அடைக்கலாம்! அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கு என்ன விலை என்று உறையில் அச்சடிக்கவேண்டுமாம். 10 கிராம், 10 மில்லிக்கு உட்பட்ட பொட்டலங்களையோ, புகையிலை போன்றவை நீங்கலாக, இந்த விதிகளே தீண்டுவதில்லை. அதாவது ஏழை வாங்கும் சாஷேக்குச் சட்டமே கிடையாது.

அச்சடிக்கிறார்களே, படிக்கலாமே என்பீர்கள். எந்த மொழியில்? ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. 1960 ஏப்ரலில் எல்லை பிரிந்தபோது இந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழ்த் தாய்க்கும் அது புரியாது, பக்கத்து வீட்டுத் தெலுங்குத் தாய்க்கும் புரியாது. நம் மொழிக்கோரிக்கையும் அவர்கள் மொழிக்கோரிக்கையும் ஒன்றாகச் சேருகிற இடம் இது. இதை நம் சங்கம் இன்னும் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

இதற்கிடையே சிக்கனம் போதிக்கிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. சோப்பை இரண்டாக வெட்டிக் காயவைத்து உபயோகியுங்கள், பேஸ்ட் குழாயைக் கத்தரித்து வழியுங்கள் என்கிறார்கள். ஐயா, இதை எங்கள் பாட்டிமார் உங்களுக்குமுன் செய்தார்கள்! சாம்பல் போட்டுத் துலக்குங்கள் என்கிறார் ஒருவர். கேஸ் அடுப்பில் சாம்பலுக்கு எங்கே போவது? உதவுகிற யோசனைகளும் உண்டு, தள்ளவேண்டியதில்லை. பூந்திக்கொட்டை, இங்கே குங்குடுகாய் என்று கேட்டால் எந்த நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும். தலைக்கும் ஆகும், பட்டுத்துணிக்கும் ஆகும். பெரிய புட்டிதான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். ஷாம்புவில் பல நேரம் சாஷேதான் மில்லிக்கு மலிவாக இருக்கிறது, வகுத்துப் பார்த்து வாங்குங்கள். சோப்புத்தூள், பருப்பு, எண்ணெய் இவற்றை நாலைந்து குடும்பம் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். 1904இல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியவர்கள் இந்த வழியில்தான் போனார்கள்.

ஆனால் ஒன்று. நாம் மிச்சம் பிடிக்கிற ஐந்து கிராமைக் கம்பெனி அடுத்த முறை ஆறு கிராமாகக் குறைத்து எடுத்துக்கொண்டால், சிக்கனம் யாருக்கு லாபம்?

கம்பெனிதான் இப்படி என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டு ஆவின் 2024 டிசம்பரில், அரை லிட்டர் 22 ரூபாய்க்கு விற்ற பச்சைப் பாலுக்குப் பக்கத்தில் ‘பிளஸ்’ என்று 450 மில்லி உறையை 25 ரூபாய்க்குக் கொண்டுவந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. சத்து கொஞ்சம் கூடுதல் என்றார்கள். 50 மில்லி எங்கே என்று கேட்டார்கள் மக்கள். கேட்டதுதான் சரி.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சின்னப் பொட்டலங்களில் விலையைக் குறைக்காமல் எடையைக் கூட்டித் தருகிறோம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். கூட்டினார்களா, எவ்வளவு கூட்டினார்கள் என்று அளந்து பார்ப்பது யார்? வரிக்குறைப்பு மக்களுக்குப் போகிறதா என்று பார்க்க 2017இல் அமைத்த கொள்ளைலாபத் தடுப்பு ஆணையத்தை 2022இல் மூடியாயிற்று. 2025 ஏப்ரல் முதல் அந்த வகைப் புதுப் புகார்களை வாங்குவதுமில்லை. பூட்டிய வீட்டின் கதவில் ‘உள்ளே வாருங்கள்’ என்று எழுதிவைத்த கதை!

வேறு நாடுகளில் என்ன செய்தார்கள்? பிரான்சில் 2024 ஜூலை முதல், எடை குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்கவேண்டும். தென்கொரியாவில் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் கம்பெனியே மூன்று மாதம் அறிவிக்கவேண்டும். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? பழைய எடை, புதிய எடை இரண்டையும் உறையின் முகப்பிலே, தமிழிலும் தெலுங்கிலும், ஆறு மாதம் அச்சடிக்க வேண்டும் என்று கேட்போம். 19 பொருள் அட்டவணையைத் திருப்பிக் கொண்டுவரக் கேட்போம். சாஷேயையும் விதிக்குள் கொண்டுவரக் கேட்போம்.

கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். “கம்பெனி அனுப்பினதுதாம்மா” என்பார், அது நியாயந்தான். உறையில் அச்சிட்ட எடையைவிடச் சரக்கு குறைந்தால் மட்டும் அது சட்டப்படி குற்றம். எடை அளவுத் துறைக்கு எழுதுங்கள், அல்லது 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். மற்றதற்குச் சாட்சியம் சேர்க்கவேண்டும். தீர்ந்துபோன சோப்பு, பிஸ்கட், தேயிலை உறைகளை எறியாமல், வாங்கிய தேதியை மேலே எழுதி எடுத்துவையுங்கள். அடுத்து வாங்கும் உறையில் எடை மாறியிருந்தால் இரண்டையும் சேர்த்து ஊசி குத்திச் சங்கத்தில் கொடுங்கள். சித்தூர், திருப்பதி இரண்டு கலெக்டர் ஆபீசுக்கும் அவற்றை மனுவோடு கொண்டுபோவோம்.