சீட்டில் இல்லாத ஒரு வரி

நான் நோய்க்கூறியல் மருத்துவர். பெரும்பாலும் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. என்னிடம் வருவது பார்மலினில் மிதக்கும் ஒரு சதைத் துணுக்கும் கூடவே ஒரு சீட்டும்தான்.

சில வருஷங்களுக்கு முன் வந்த ஒரு சீட்டில் "நுரையீரல் கட்டி, புற்றா?" என்று மட்டும் எழுதியிருந்தது. 52 வயதுப் பெண். ஊசி போட்டு எடுத்த, நூல் தடிமனில் ஒரு துணுக்கு. ஸ்லைடு முழுக்க முதிராத லிம்போசைட் அணுக்கள். நிணநீர்ப் புற்றான லிம்போமா என்றே எழுதப் போனேன். மூன்று நாளாக ரிப்போர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த மகள் அன்றைக்கும் வாசலில் நின்றாள். "சாயங்காலமானா அம்மாவால கண் இமையைத் தூக்க முடியல டாக்டர். டிவி ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். அதுக்குத் தனியா கண் டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கோம்" என்றாள்.

அதைக் கேட்டதும் சந்தேகம் வந்து, எபிதீலிய அணுக்களைக் காட்டும் கெரட்டின் சாயம் போட்டுப் பார்த்தேன். லிம்போசைட்டுகளுக்கு இடையே வலைபோல எபிதீலிய அணுக்கள் பின்னிக் கிடந்தன. தைமோமா! நெஞ்செலும்புக்குப் பின்னால் வர வேண்டிய தைமஸ் சுரப்பிக் கட்டி, நுரையீரலுக்குள் இருந்தது.

கருவில் தைமஸ் கழுத்துப் பக்கம் உருவாகி, மெல்ல நெஞ்சுக்குள் இறங்குகிறது. வழியில் சில துணுக்குகள் கழுத்திலோ நுரையீரல் பக்கமோ இதய உறையிலோ தங்கிவிடுவதுண்டு. பெரும்பாலும் அவற்றால் தொந்தரவு இல்லை. எப்போதோ ஒன்று கட்டியாகிறது. நுரையீரல் உறையில் வந்தால், அந்த உறையின் புற்றான மீசோதீலியோமா என்று ஏமாந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

பெயர் மாறினால் வைத்தியமே மாறிவிடும். லிம்போமாவுக்குக் கீமோ, தைமோமாவுக்கு, எடுக்க முடிந்தால், முதலில் அறுவை. இமை சரிந்தது மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சியால். தைமோமா வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருக்கும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், அறுவை முடிந்தபின் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகலாம். தைமஸ் கட்டிக்கும் மயஸ்தீனியாவுக்கும் உள்ள தொடர்பு புதுச் செய்தியும் இல்லை. 1936இலேயே ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற அமெரிக்க அறுவை நிபுணர், மயஸ்தீனியா இருந்த ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை எடுத்திருக்கிறார்.

அந்த அம்மாவின் இமை பற்றிய குறிப்பு கண் டாக்டரின் ஃபைலில் இருந்தது. ஸ்கேன் வேறொரு ஃபைலில். என் சீட்டில் இரண்டுமே இல்லை. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் எழுத நேரமில்லை என்பார்கள். அந்தக் கூட்டத்தை நானும் அறிவேன். ஆனாலும் இதை அரிய நோய் என்று சொல்லி நகர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை. நெஞ்சுக் கட்டிக்கான சீட்டில் நான்கு கேள்விகளை அச்சடித்தே வைக்கலாம்: இமை சரிகிறதா, இரட்டையாகத் தெரிகிறதா, விழுங்கச் சிரமமா, ரத்தசோகையா? டிக் அடிக்க அரை நிமிஷம் போதும். அந்தப் பகுதி காலியாக வந்தால் ஆய்வகம் போன் போட்டுக் கேட்க வேண்டும். நான் அப்படித்தான் கேட்கிறேன்; சிலருக்கு எரிச்சல் வருகிறது, வரட்டும்.

அந்த அம்மாவுக்கு முதலில் மயஸ்தீனியா மாத்திரை கொடுத்து, இமை தேறியபின் கட்டியை எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்தவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதைச் சொன்னது அந்த மகள், சீட்டு அல்ல.