நான்கெல்லையும் ஒரு படமும்

பூமி வாங்குவதில் நம்மவர்கள் காட்டும் சிரத்தையே விசித்திரமானது. முத்திரைக் காகிதத்தின் மதிப்புச் சரிதானா என்று நான்கு பேரைக் கேட்பார்கள். பஞ்சாங்கம் பார்த்து, ராகு காலம் கழித்து, அதன் பிறகே சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸின் படியேறுவார்கள். ஆனால் பத்திரத்தின் கடைசியில் ‘சொத்து விவரம்’ என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதைக் கையெழுத்திடுமுன் ஒரு முறையேனும் வாய்விட்டுப் படித்தவர் எத்தனை பேர்?

கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பழைய பத்திரம் எதையேனும் எடுத்துப் பாருங்கள். ‘ஓடைக்குக் கிழக்கு, வண்டிப் பாதைக்குத் தெற்கு, பங்காளி கொல்லைக்கு வடக்கு, பெரிய புளியமரத்துக்கு மேற்கு, இதற்குட்பட்ட பூமி’ என்னும் தோரணையில் எழுதியிருக்கும். இதற்கு நான்கெல்லை என்றும் செக்குபந்தி என்றும் பெயர். எழுதிய நாளில் அது பொய்யன்று. ஊரார் அனைவருக்கும் தெரிந்த மெய்யே அது. ஆயினும் ஐம்பது வருஷத்துக்குள் ஓடை திசை மாறுகிறது, புளியமரம் வெட்டுப்படுகிறது, வண்டிப் பாதையை இரு புறத்தாரும் உழுது சிறுகச் சிறுக விழுங்கிவிடுகிறார்கள், பங்காளியின் கொல்லை மூன்று கை மாறிவிடுகிறது. நான்கு சாட்சிகளும் மறைந்த பின், பத்திரம் மட்டும் பெட்டியில் பத்திரமாக இருந்து என்ன பயன்?

‘அப்படியானால் படம் இல்லாத பத்திரம் செல்லாதா?’ என்று நேயர்கள் கேட்கலாம். செல்லும். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, சொத்து இன்னதென்று அடையாளம் காணப் போதுமான விவரம் வேண்டும் என்கிறது. நிலமானால் பரப்பளவையும், அடுத்துள்ள பாதைகளையும் பிறர் சொத்துக்களையும் சொல்லி, சாத்தியமான இடத்திலெல்லாம் சர்க்காரின் சர்வேயையோ வரைபடத்தையோ குறிப்பிட வேண்டும் என்றும் அது கூறுகிறது. பத்திரத்தோடு படம் ஒன்று இருந்தால், அதன் உண்மையான நகலும் கூடவே தாக்கலாக வேண்டும். இல்லையேல் பத்திரம் பதிவுக்கு ஏற்கப்படாது. ஆகவே படம் கட்டாயமன்று, விவேகம்.

எந்த இடத்தில் இந்த விவேகம் மிகவும் வேண்டியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சர்வே நம்பரில் நாலு ஏக்கர் இருக்கிறது. அதில் ‘மேல்புறம் ஒரு ஏக்கர்’ என்று ஒருவர் கிரயம் பெறுகிறார். மேல்புறத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பாதையோரமாக நீளவாக்கிலா, ஓடையோரமாகக் குறுக்கேயா? சர்க்காரின் படத்தில் அந்த நாலு ஏக்கரும் ஒரே துண்டாக இருக்கிறது. சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்யும் வரையில், நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய அந்த ஒரு ஏக்கர் உலகத்தில் எந்தப் படத்திலும் கிடையாது! அண்ணன் தம்பிகள் கோர்ட்டில் எதிரெதிரே நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சர்க்காரின் படம் என்றேன். புலப்படம் என்று அதற்குப் பெயர்; ஜனங்கள் எப்.எம்.பி. என்கிறார்கள். அதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக் க்ஷேத்திர கணிதம்தான் அது. புலத்தைக் குறுக்குக் கோடுகளால் முக்கோணங்களாகப் பிரித்து, வரப்பு வளையும் இடங்களுக்கெல்லாம் செங்குத்துத் தூரம் அளந்து குறித்திருப்பார்கள். 1802இல் லாம்டன் துரை பரங்கிமலைக்கருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. உங்கள் கொல்லையின் புலப்படமும் அதே வித்தையின் சிறு குழந்தைதான். நிலமளக்கும் கலையை அன்னியர் நமக்குக் கற்பித்ததாகவும் எண்ண வேண்டாம். அதற்கு எண்ணூறு வருஷத்துக்கு முன்பே ராஜராஜ சோழர் தம் தேசத்து நிலத்தைக் கோல் கொண்டு அளந்து கணக்கெழுதச் செய்தார்.

1923ஆம் வருஷத்துச் சர்வே எல்லைச் சட்டம் இந்தப் படத்துக்குப் பெரும் வலிமை தந்திருக்கிறது. அளவை முடிந்து அறிவிப்பு வெளியானபின், அதில் கண்ட எல்லைகள் சரியானவை என்பதற்கு அந்த ரிக்கார்டே முடிவான சாட்சி. ஆட்சேபம் உள்ளவர் மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டில் தாவா செய்ய வேண்டும். கல் நடுகிற நாளில் ‘எனக்கென்ன’ என்று வீட்டில் படுத்திருந்தவர், பிறகு கல்லோடு சண்டையிட்டுப் பயனில்லை.

சமவெளியின் கதை இது. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிறதே கல்வராயன் மலை, அங்கே கதை வேறு. அந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் வசம் இருந்தது. தேசம் சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது வருஷம் சென்ற பின், 1976இல்தான் சர்க்கார் அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. கீழ்நாட்டுக் குடியானவன் பட்டாவைக் காட்டி வழக்காடிய காலத்தில், சாமையும் தினையும் விதைத்த மலையாளி மக்களுக்குப் பாட்டன் திருத்திய கல்வரப்பே பட்டாவாக இருந்தது. ‘படம் எங்கே?’ என்று காகித உலகம் கேட்டபோது அவர்கள் கையில் ஒன்றுமில்லை. காகிதமில்லாத காரணத்தால் உழுதவன் அன்னியனாகிவிடுவானா?

வனபூமியைப் பொறுத்த மட்டில் இந்தக் கேள்விக்கு 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஒரு விடை தந்தது. 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்தே வனநிலத்தைச் சாகுபடி செய்துவரும் பழங்குடிக் குடும்பம், தன் அனுபவத்திலுள்ள நிலத்துக்கு, நான்கு ஹெக்டேர் வரையில், உரிமை கோரலாம். உரிமை புருஷன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும், வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. இதில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம் ஒன்றுண்டு. மனுக்களைப் பெற்று, விசாரித்து, ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் காட்டும் படத்தைத் தயாரிக்கும் வேலையைச் சட்டம் முதலில் ஒப்படைத்திருப்பது கிராம சபையிடம்! வரப்பு, கிணறு, வீடு, முன்னோரைப் புதைத்த இடம், மூத்தோரின் வாக்குமூலம் ஆகிய எல்லாம் அங்கே சாட்சியாகும். வானத்திலிருந்து எடுத்த படம் அவற்றுக்குத் துணை நிற்கலாமேயன்றி, அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது 2012இல் சேர்த்த விதி.

மலைக்கும் சமவெளிக்கும் நீதி இங்கே ஒன்றுதான். எல்லையை அறிந்தவன் படம் வரையும்போது உடனிருக்க வேண்டும். சொல் மட்டும் இருந்தால், சொன்னவரோடு அது போய்விடும். படம் மட்டும் இருந்து அறிந்தவர் பேசாதிருந்தால், தவறான கோடும் சாசுவதமாகிவிடும்.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். புலப்படமும் பட்டாவும் இப்போது இன்டர்நெட்டிலேயே கிடைக்கின்றன. உங்கள் நம்பருக்குரிய புலப்பட நகலை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரையும் பள்ளியில் படிக்கும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கெல்லையையும் சுற்றி வாருங்கள். கல் இருக்கிறதா, பத்திரத்தின் சொல்லும் படத்தின் கோடும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அளவைக்கு மனுச் செய்யுங்கள். பாகம் பிரிக்கும்போதும், துண்டாக விற்கும்போதும், நீள அகலம் குறித்த படத்தைப் பத்திரத்தோடு சேருங்கள். பெரியவருக்குத் தெரிந்தது பிள்ளைக்குத் தெரிய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. பெரியவர் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.