வயிற்றுக் கொழுப்பும் சிறுநீரகமும்: உங்களுக்கு எந்தப் பரிசோதனை தேவை?

உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது முதல், கொழுப்பைப் பற்றிய செய்திகள் நாள்தோறும் வெளியாகின்றன. அவற்றில் எடையும் தோற்றமுமே பெரிதும் பேசப்படுகின்றன. சிறுநீரகம் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆனால் 2024-இல் வெளியான 'ஃப்ளோ' ஆய்வு கவனிக்கத்தக்கது. இரண்டாம் வகை நீரிழிவுடன் சிறுநீரக நோயும் உள்ள 3,533 பேர் அதில் பங்கேற்றனர். சிறுநீரகச் செயலிழப்பு, சிறுநீரக அல்லது இதய நோயால் நேரும் இறப்பு முதலியவற்றின் இடரை செமகுளுடைடு என்னும் மருந்து 24 விழுக்காடு குறைத்தது. எடை குறைந்தது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும் கொழுப்புக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழுகிறது.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. ஹார்மோன்களைச் சுரக்கும் உறுப்பும் ஆகும். 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டினும், அதையடுத்து அறியப்பட்ட அடிப்போனெக்டினும் அவற்றுள் முதன்மையானவை. உடற்கொழுப்பு மிகும்போது இரத்தத்தில் லெப்டின் கூடுகிறது, அடிப்போனெக்டின் குறைகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மூவகைச் செல்கள் இணைந்து பணிபுரிகின்றன. இரத்த நுண்குழாயின் உட்சுவர்ச் செல்கள் ஒரு வகை. வெளிப்புறத்தில் விரல்கள் கோத்ததுபோல் பின்னிக்கொண்டு, புரதம் கசியாமல் தடுக்கும் போடோசைட் செல்கள் மற்றொரு வகை. குழாய்களைத் தாங்கிநிற்கும் மெசாஞ்சியல் செல்கள் மூன்றாம் வகை. இவை வேதிச் செய்திகளை ஓயாமல் பரிமாறிக்கொள்கின்றன. போடோசைட்டுகள் அனுப்பும் வளர்ச்சிக் காரணி இன்றி, எதிர்ப்புறத்து உட்சுவர்ச் செல்கள் நலமாக நிலைத்திருக்க முடியாது.

இந்த உரையாடலைத்தான் கொழுப்பின் ஹார்மோன்கள் மாற்றுகின்றன. லெப்டின், உட்சுவர்ச் செல்களை டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் செய்திப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. அதே லெப்டின், மெசாஞ்சியல் செல்களில் அப்புரதத்தை ஏற்கும் வாங்கிகளையும் பெருக்குகிறது. செய்தியும் உரக்கிறது, கேட்கும் செவியும் கூர்மையாகிறது. விளைவாகக் கொலாஜன் படிந்து வடிகட்டி தழும்பேறுகிறது. அடிப்போனெக்டின் இல்லாத எலிகளில் போடோசைட்டின் விரல்கள் தட்டையாகி, சிறுநீரில் அல்புமின் கசிந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்விளக்கம் பெரும்பாலும் எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் கண்டறியப்பட்டது. மேலும், சிறுநீரகம் பழுதானபின் அடிப்போனெக்டின் அளவு இரத்தத்தில் குறையாமல் உயரவே செய்கிறது. எனவே இந்த ஹார்மோன்களை அளக்கும் பரிசோதனைக்கு நீங்கள் பணம் செலவிட வேண்டியதில்லை.

இடையைச் சுற்றி ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டினாலோ, நீரிழிவு அல்லது உயர் இரத்த அழுத்தம் இருந்தாலோ, சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தைப் பாருங்கள். அது 30 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது, இரத்தக் கிரியேட்டினின் உயர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தெரியக்கூடிய எச்சரிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது.

ஒல்லியாக இருப்பவர் இதைப் படித்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. விழுப்புரம் மாவட்டத்தின் இடையஞ்சாவடியில் நாள் முழுவதும் அமர்ந்து பணிபுரியும் ஒருவருக்கு மேற்கூறிய விளக்கம் பொருந்தலாம். வடக்கே மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் உப்பு வாரும் அவருடைய உறவினருக்கு அது பொருந்தாமல் போகலாம். தமிழ்நாட்டு வேளாண் தொழிலாளர்களிடம் சென்னை மருத்துவக் கல்லூரி 2023-இல் நடத்திய ஆய்வில், சுமார் 5 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் உறுதியானது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் முதலிய வழக்கமான காரணங்கள் இல்லை. வெப்பமும் நீரிழப்பும் இதில் பங்கு வகிப்பதாகக் கருதப்படுகிறது. இவ்வகை நோயில் அல்புமின் பெரும்பாலும் மிகுதியாகக் கசிவதில்லை. சிறுநீர்ப் பரிசோதனை இயல்பாக இருந்தாலும், வெயிலில் உழைப்பவர் இரத்தக் கிரியேட்டினினையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடும் வெயிலில் உழைத்த நாளில் நீரிழப்பால் கிரியேட்டினின் தற்காலிகமாக உயரக்கூடும். ஆகவே அளவு மிகுந்திருந்தால், மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதித்தே நாட்பட்ட நோய் உறுதிசெய்யப்படுகிறது. அதுவரை உடல்வலிக்காக மருந்துக் கடைகளில் தாமாகவே வாங்கி உண்ணும் வலிநிவாரணி மாத்திரைகளை நிறுத்திவைத்து, மருத்துவரிடம் கேட்டபின்னரே உட்கொள்ளுங்கள்.