கால் கிலோ கறியும் ஆறு தட்டுகளும்



இப்பகுதியில் குடும்பத்தின் மனநலத்தைப் பற்றியே மிகுதியும் எழுதி வருகிறோம். இம்முறை அடுப்பங்கரைக்குள் நுழைகின்றோம். குருவானவருக்கு அங்கென்ன வேலை என்று கேட்பீர்களாயின், வீடு சந்திக்கச் செல்லும்போது நம்மிடம் சொல்லப்படும் கடன்களில் இறைச்சிக் கடைக் கடனும் ஒன்றாயிருக்கின்றது என்பதே விடை.

கடலூர் முதுநகரிலாகட்டும், சிதம்பரத்திலாகட்டும், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆட்டிறைச்சிக் கடைகளின் முன் கூட்டம் நிற்கின்றது. அரைக் கிலோ தொடைக்கறி வாங்காத ஞாயிறு ஞாயிறே அன்று என்பது பலரது எண்ணம். கூலி வேலை செய்பவரின் ஒரு நாள் ஊதியத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடுகின்றது. அதே கடையில் குடலும் தலைக்கறியும் குறைந்த விலைக்குக் கிடைத்தும், அவற்றைக் கேட்டு வாங்கச் சிலர் கூசுகின்றனர். யாரேனும் பார்த்துவிட்டால் மதிப்புக் குறைந்துவிடுமாம்! குடலைக் கழுவுவது எளிய வேலை அன்று, ஒப்புக்கொள்கிறோம். கணவன்மார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேனும் உதவலாம். கல்லுப்பும் மஞ்சளும் இட்டுத் தேய்த்து, வெந்நீரில் பலமுறை அலசி, சிறு துண்டுகளாக நறுக்கிக் குக்கரில் நன்கு வேகவிட்ட பிறகே மசாலையும் தேங்காயும் சேர்த்தல் வேண்டும். அவசரப்பட்டால் ரப்பரை மெல்வது போலிருக்கும்.

ஆயினும், விலையைக் காட்டிலும் நம்மை வருத்துவது வேறொன்று. வாங்கிய கறி யாருடைய தட்டுக்குப் போகின்றது? முதலில் கணவனுக்கு, அடுத்து ஆண்பிள்ளைகளுக்கு, அதற்கடுத்துப் பெண்பிள்ளைகளுக்கு; சமைத்தவளுக்கோ சட்டியின் அடியில் ஒட்டிய குழம்பு. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கே. இரத்தம் யாருக்குக் குறைவோ அவருக்கே கறியும் குறைவு!

சோகை பிடித்த பெண்ணுக்கு நம் பாட்டிமார் சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, வாட்டிக் கொடுத்ததில் பொருளுண்டு. தசைக்கறியைவிடப் பன்மடங்கு இரும்புச்சத்து அதில் உள்ளது. கோழி ஈரல் இன்னும் மலிவு. அதிலும் இரும்பு மிகுதி. சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து வதக்கினால் கால்மணி நேர வேலை. (ஈரலில் ஏ வைட்டமின் மிகுதியாதலின், கருவுற்ற பெண்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு உண்பது நன்று.) அதனோடு முருங்கைக்கீரைப் பொரியலும் வைத்தால் இரட்டை ஆதாயம். சிறிதளவு இறைச்சி உடன் சேர்ந்தால், கீரையில் உள்ள இரும்பையும் உடல் கூடுதலாக ஏற்கும் என்கின்றனர் மருத்துவர். எலுமிச்சையும் அவ்வாறே உதவும். உண்ட கையோடு தேநீர் குடிப்பதோ அதனைக் கெடுக்கும்.

ஆகவே கறி சிறிதாகவும் காய் பெரிதாகவும் இருக்கட்டும். கால் கிலோ எலும்புக்கறியைக் கொண்டு ஆறு பேருக்குக் குழம்பு வைக்கும் வழி அதுவே. தை, மாசியில் மொச்சையும் அவரையும் மலிவு. பங்குனிக்குப் பின் முருங்கைக்காயும் மாங்காயும். மழைக்காலத்தில் முருங்கைக்காய் ஆனை விலை, குதிரை விலை விற்கும். அப்போது அதைத் தேடுவானேன்? கத்தரிக்காயைப் பற்றிச் சிதம்பரத்தாருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நடராசர் கோயிலில் சம்பா சாதத்தோடு படைக்கப்படும் கொத்சு, கத்தரிக்காயும் புளியும் வறுத்தரைத்த மல்லியும் மிளகாயும் சேர்ந்து உண்டாகும் சுவை. கறியில்லாத நாளில் இட்லிக்கும் சோற்றுக்கும் அது போதும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாமும் அதனைக் கேட்டு வாங்கி உண்பதுண்டு.

கடற்கரைக்கு அருகில் வாழ்வோர் மீனை மறக்கலாகாது. மத்தி இனத்தைச் சேர்ந்த கவலை மீன் மலிவானது. பெயர்தான் கவலை, வாங்குவோருக்குக் கவலையில்லை. நெத்திலியையோ முள்ளோடு உண்ணலாம். வளரும் பிள்ளைகளின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து அதில் உண்டு.

மீன்கள் இனம் பெருகும்பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதில்லை. நாட்டுப் படகுகள் கொணரும் மீனுக்கு அந்நாள்களில் விலை ஏறிவிடும். கருவாட்டுக்கு அதுவே காலம். பண்ருட்டிப் பலா வந்து குவிவதும் அப்போதுதான்; சுளையைத் தின்றபின் கொட்டையை எறிந்துவிடாதீர்கள். நெத்திலிக் கருவாட்டை மணலும் உப்பும் போக வெந்நீரில் மும்முறை அலசுக. இரத்த அழுத்தம் உடையோர் அளவோடு கொள்க. தோல் நீக்கிய பலாக்கொட்டையை முதலில் வேகவைத்து, கத்தரிக்காயும் கருவாடும் சேர்த்துக் குழம்பு கொதித்தபின், கடைசியில் மாங்காய்த் துண்டுகளை இடுக. முன்னரே இட்டால் கரைந்துவிடும். மாங்காயின் புளிப்புக்கு ஏற்பப் புளியையும் குறைத்துக்கொள்க.