விதியா? அலட்சியமா?

வியாபாரச் சகோதரனே! பலாவும் மிளகும் ஏற்றிவர 70 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து கொல்லிமலை ஏறுகிறாய். கோடையில் மதியத்துக்கு மேல் இடி விழுந்தால், பாறை சரிந்தால், ஓடை பெருக்கெடுத்தால் 'விதி' என்று சொல்லிவிட்டுப் போவதா?

2022இல் மட்டும் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானோர் 2,887 பேர்! பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். 'தாமினி' செயலி முன்கூட்டியே எச்சரிக்கிறது. சிக்னல் எட்டாத குடிசைக்கு அதை யார் சொல்வது?

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவது மார்க்கமல்ல. இளைஞனே! சந்தைகளில் ஒலிபெருக்கி எச்சரிக்கை, பள்ளிக்கூடங்களில் இடிதாங்கி, மலைப்பாதையில் ஒழுங்கான வடிகால் கேட்டு நாமக்கல் கலெக்டரிடம் மனு கொடு. மலைவாழ் மக்களோடு தோள் சேர்ந்து கொடு!

மழை அல்லாஹ்வின் அருள். அலட்சியம் ஆள்வோரின் குற்றம். மௌனம் நம் குற்றம்!